வீட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே கார்: ஒரு போலோவின் டயர் தேர்வு

பின்னணி

கார் 2018-ல் வாங்கிய வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்), முன்சக்கர இழுவை. கம்பெனி போட்ட டயர் அளவு 195/55 ஆர்16, அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். உரிமையாளர் போரூர் பக்கம் குடியிருக்கும் ஐடி ஊழியர். வாரநாளில் அலுவலகம், காலையில் மகளைப் பள்ளியில் விடுவது, மாதம் ஒருமுறை திருவண்ணாமலையில் மாமியார் வீடு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கார்தான். அதோடு வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கும் போகும்.

என் வேலை வீல் அலைன்மென்ட். ட்ராக் நாட்களில் பிட்டில் (ட்ராக் ஓரத்தில் கார்களை நிறுத்திப் பார்க்கும் இடம்) நின்று தெரிந்தவர்களின் டயரைப் பார்த்துச் சொல்வதும் உண்டு. இந்த காரின் டயர் விவரங்களை முதல் நாளிலிருந்தே குறித்து வைத்திருந்ததால், உரிமையாளரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். வீட்டுக்கும் ட்ராக்குக்கும் ஓடும் ஒரே காருக்கு எந்த டயர் போடுவது என்ற இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் எந்த பிராண்ட் வாங்கலாம் என்பதில்தான் தொடங்குகிறார்கள். இந்த காரில் பிராண்ட் என்பது கடைசியில், பெரிய சிரமம் இல்லாமல் முடிவான விஷயம்.

ட்ராக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் என்று பழகிய இடம். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. முழுச் சுற்று 3.717 கி.மீ., 12 திருப்பங்கள். நீண்ட திருப்பங்களில் கார் வெகுநேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தே ஓடும், அதனால் முன்சக்கர இழுவை கார்களின் முன் டயர்கள் இங்கே நிறையப் பாடுபடும். கோடை நடுப்பகலில் தார் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஐரோப்பியப் பத்திரிகைகளின் டயர் சோதனைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்தச் சூட்டை மறந்துவிடுகிறார்கள்.

முதல் ட்ராக் நாளில் கண்டது

காரோடு வந்த டயர்களில் அப்போது பாதிக்கு மேல் த்ரெட் (தரையில் படும், பள்ளம் வெட்டிய ரப்பர்) மிச்சம் இருந்தது. நீண்ட ஆயுளுக்கும் சத்தமில்லாத ஓட்டத்துக்கும் செய்யப்பட்ட சாதாரண சாலை டயர்கள். காலையில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு இறங்கினார். முதல் இரண்டு சுற்று நன்றாக இருந்தது என்றார். மூன்றாவதில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போனது; டயர் விடாமல் கத்தியது. நாலாவதில் வெளியே வந்துவிட்டார்.

வந்த உடனே முன் டயரில் காற்றைப் பார்த்தோம். 41 பிஎஸ்ஐ. "நான் 33 தானே வெச்சேன் அண்ணா, கேஜ் தப்பா இருக்கும்" என்றார். கேஜ் சரியாகத்தான் இருந்தது. காலையில் காற்றின் வெப்பம் 28 டிகிரி. டயருக்குள் அது 78 டிகிரிக்குப் போனால், வளிமண்டல அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 47.7 பிஎஸ்ஐ ஏறத்தாழ 55.7 ஆகும், அதில் 14.7 போக 41. பள்ளியில் படித்த அதே வாயு விதிதான்.

அடுத்து டயரின் ரப்பருக்குள் ஊசியைக் குத்தி வெப்பம் பார்க்கும் கருவியால் மூன்று இடத்தில் அளந்தேன். முன் டயரின் வெளித்தோளில் (த்ரெட்டின் வெளி ஓரம்) 96 டிகிரி, நடுவில் 88, உள்தோளில் 71. வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்றால், திருப்பத்தில் டயர் தன் அகலம் முழுவதையும் தரையில் வைக்கவில்லை, வெளி விளிம்பில் நின்று ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணாலேயே அது தெரிந்தது. பக்கச்சுவரும் த்ரெட்டும் சேரும் இடத்தில் ஒரு குட்டி முக்கோணக் குறி இருக்கும். தேய்ந்த தடம் அந்தக் குறியையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. உள்பக்கமோ புதுசு மாதிரி.

அவருடைய முடிவு அன்றே தயாராக இருந்தது: "டயர் சரியில்லை, செமி-ஸ்லிக் போடணும்." பள்ளம் குறைவாக, மென்மையான ரப்பரில் ட்ராக்கை மனதில் வைத்துச் செய்யும் டயர் அது.

டயரை மாற்றும் முன்

பழைய டயரிலேயே இன்னொரு ட்ராக் நாள் ஓட்டச் சொன்னேன். காரணம் எளிது. காற்றையும் அலைன்மென்ட்டையும் டயரையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதோடு, வெளித்தோளில் மட்டும் ஓடும் கார் விலை உயர்ந்த டயரின் வெளித்தோளையும் அதே மாதிரி தின்றுவிடும். மென்மையான ரப்பர் என்றால் இன்னும் சீக்கிரம்.

அலைன்மென்ட்டில் முன் சக்கரங்களின் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், அரை டிகிரி நெகட்டிவை (மேல்பக்கம் உள்ளே சாய்ந்த நிலை) ஒட்டி இருந்தது. கம்பெனி அளவுதான், தவறில்லை. ஆனால் இந்த கார் மாதிரி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற வகை முன் சஸ்பென்ஷன் உள்ள காரில், திருப்பத்தில் உடல் சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். நிற்கும்போது இருக்கும் அரை டிகிரி அங்கே காணாமல் போகும். இந்த காரில் கேம்பருக்கென்று தனித் திருகல் வசதி இல்லை. போல்ட் துளைகளில் கிடைத்த இடைவெளிக்குள் தள்ளி, இரண்டு பக்கமும் சமமாக, ஒரு டிகிரிக்குச் சற்று மேல் நெகட்டிவ் வரை கொண்டுபோனோம். கேம்பரைத் தொட்டால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறிவிடும். அதையும் மறுபடி பூஜ்யத்துக்கு வைத்தோம். கேம்பர் பிளேட் (கேம்பரை இன்னும் சாய்க்க உதவும் தனிப் பாகம்) போட்டு இன்னும் போகலாமே என்று கேட்டார். போகலாம். அலுவலகப் பாதையில் தினமும் உள்தோள் தேயும், மேடு பள்ளத்தில் சத்தமும் வரும். தினசரி ஓடும் காருக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

காற்றை முன்னால் 27-ல் தொடங்கினோம். அதே வெப்ப ஏற்றத்துக்கு அது 34-ஐ ஒட்டி வந்து நிற்கும் என்பது கணக்கு, நின்றது 34.5-ல். தோள் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பினோம். முக்கோணக் குறி வரைக்கும் அழிந்து, அதற்குக் கீழே அப்படியே இருந்தது. காற்று போதும் என்பதற்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது. வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் இருந்த வெப்ப வித்தியாசம் 25-லிருந்து 12 டிகிரிக்கு இறங்கியது. அதே பழைய டயரில் சுற்று நேரம் சுமார் ஒன்றரை வினாடி குறைந்தது. அதைவிட முக்கியம், நாலாவது சுற்றிலும் கார் சொன்னபடி திரும்பியது.

அன்று மாலை அவர் செமி-ஸ்லிக் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் டயர்களின் வெளித்தோள் முதல் நாளிலேயே போய்விட்டிருந்தது, மாற்றத்தான் வேண்டும்.

முன்னால் இருந்த வழிகள்

இணையத்தில் தேடினால் எல்லாரும் சொல்வது 'ட்ரெட்வேர் 200' (ட்ரெட்வேர் என்பது டயரின் தேய்மான எண்) வகை டயர்: சாலையிலும் ஓட்டலாம், ட்ராக்கிலும் ஒட்டிக்கொள்ளும். யோகோஹாமா அட்வான் ஏ052 அந்த வகை. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 மாதிரியான சாலை ஸ்போர்ட்ஸ் டயருக்கு அந்த எண் 320. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, கிரிப் அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். பெருமளவு சரிதான். ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதன் மேல் வைக்கும் நம்பிக்கை அளவோடு இருக்கும். அமெரிக்காவின் டெக்சஸில் சான் ஏஞ்சலோ ஊரைச் சுற்றிய சாலைகளில், டயரை ஓர் ஒப்பீட்டு டயரோடு 7,200 மைல், அதாவது 11,600 கி.மீ.-க்குச் சற்றுக் குறைவாக ஓட்டித் தேய்மானத்தை ஒப்பிடுகிறார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100. மிச்சத்தைக் கணக்கிட்டு எண்ணைக் கொடுப்பது அந்தந்த டயர் கம்பெனியே. கிரிப்பை அங்கே யாரும் அளப்பதில்லை. அதனால் ஒரு கம்பெனியின் 200-ஐயும் இன்னொன்றின் 200-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அதே வரிசையில் வரும் ஏஏ, ஏ என்ற ட்ராக்ஷன் தரமும் ஈரத் தரையில் நேராக பிரேக் பிடிப்பதைப் பற்றியது மட்டும். திருப்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் இதற்கு வேறு தடையும் இருக்கிறது. இங்கே விற்கும் கார் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இந்த காரின் அளவில், முத்திரையோடு, புதிய தேதியோடு 200 வகை டயர் ஒன்றை அப்போது அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. (ட்ராக்கைச் சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அப்பல்லோ, ஜேகே, சியட் என்று டயர் ஆலைகளே வரிசையாக நிற்கின்றன. தேசிய ரேஸ் கார்களுக்கு வேண்டிய டயர்களையும் நம் கம்பெனிகளே செய்கின்றன. சாலைக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கிற, தெருவில் ஓட்டத் தகுதியுள்ள ஒரு ஹேட்ச்பேக் டயர் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.)

கிடைத்தது ஒன்று இருந்தது. தெரிந்தவர் மூலம் பாதி ஓடிய செமி-ஸ்லிக் நான்கு, மலிவு விலைக்கு. பக்கச்சுவரில் தேதி எண்ணைப் பார்த்தோம். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று டயர் ஒரே வருடம், ஒன்று அதற்கும் இரண்டு வருடம் முந்தியது. நான்குமே ஐந்து வருடத்தைத் தாண்டியவை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்வாங்கவில்லை. பலமுறை சூடாகி ஆறிய மென்மையான ரப்பர் கெட்டியாகிவிடும், த்ரெட் ஆழம் இருந்தாலும் கிரிப் இருக்காது. ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. அதை அன்றே தள்ளிவிட்டோம்.

அகலத்தைக் கூட்டி 205/50 ஆர்16 போடுவது அடுத்த யோசனை. மொத்த விட்டம் 621 மி.மீ.-லிருந்து 611-க்கு இறங்கும், ஒன்றரை சதவீதம் குறைவு. தரையிலிருந்து உயரம் 5 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவாகப் போகும். கேட்க சிறிதாகத் தெரியும், ஆனால் இந்த கார் ஏற்கெனவே அவர் குடியிருப்பு வாசலின் வேகத்தடையில் வயிறு உரசும் கார். பக்கச்சுவர் குறைந்தால் குழியில் ரிம் அடிபடவும் வாய்ப்பு கூடும். கேம்பருக்கு எல்லை இருக்கும்போது, கூட்டிய அகலத்தில் ஒரு பகுதி திருப்பத்தில் தரையைத் தொடவே தொடாது. மழைத் தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மேலெழும். அதையும் விட்டோம்.

தனி ரிம்களில் தனி ட்ராக் டயர் என்பதையும் பேசினோம். இரண்டாவது மாடி வீடு, நான்கு சக்கரங்களை வைக்க இடமில்லை என்று அவர் அப்போது மறுத்துவிட்டார்.

எடுத்த முடிவு

முடிவை நகர்த்தியது அவர் மனைவி கேட்ட ஒரு கேள்வி. டயர் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டது இது: "ட்ராக்கை விடுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு மழையில வரும்போது இதுல எது நல்லா நிக்கும்?" உரிமையாளர் அதை என்னிடம் அப்படியே வந்து கேட்டார். இந்த முழு விவகாரத்திலும் சரியான இடத்திலிருந்து தொடங்கிய கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வருடத்தில் இந்த டயர் ஓடும் தூரத்தில் ட்ராக் ஒரு சிறு பங்கு. மிச்சமெல்லாம் சாலை, அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை மழை.

ஆகவே முதல் சல்லடை ஈரத்தரை. 2021 மே முதல் ஐரோப்பிய லேபிளில் ஈரத்தரை பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். அதில் ஏ வாங்கியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடுத்து, கம்பெனி அளவான 195/55 ஆர்16, சுமை எண் 87 அல்லது மேல், அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. வேகக் குறியீடு வி அல்லது மேல், அதாவது மணிக்கு 240 கி.மீ. இந்த காருக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. ஆனால் உயர்ந்த வேகக் குறியீடுள்ள டயர் சூட்டைத் தாங்கும் விதமாகக் கட்டப்பட்டிருக்கும், ட்ராக்கில் அது வேண்டும். பிறகு ஐஎஸ்ஐ முத்திரை, ஆறு மாதத்துக்குள்ளான தேதி. இத்தனையும் போட்ட பிறகு கடையில் மிஞ்சியது இரண்டே மாடல். இரண்டும் சாலை ஸ்போர்ட்ஸ் டயர்கள். பக்கச்சுவர் கொஞ்சம் கெட்டியாக இருந்ததை எடுத்தோம். நான்கும் ஒரே மாதிரி.

முன்னால் மட்டும் இரண்டு நல்ல டயர் போட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பின்னால் பிடிப்பு குறைந்த டயர் இருந்தால் ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுற்றிவிடும். முன்பக்கம் தள்ளுவதைச் சாதாரண ஓட்டுநர் சமாளிப்பார், பின்பக்கம் சுற்றுவதைச் சமாளிப்பது கடினம்.

புது டயரோடு

முதல் சில நூறு கி.மீ. சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத்தான் ட்ராக்குக்கு வந்தார். அங்கேயும் முதல் செஷனைப் பாதி வேகத்தில் முடித்து, டயரை நன்றாக ஆறவிட்டோம்.

கேம்பர், காற்று எதையும் மாற்றாமல் ஓட்டியதில் சுற்று நேரத்தில் இன்னும் இரண்டு வினாடி குறைந்தது. பிரேக் பிடிக்கும் இடத்தைத் தள்ளிப்போட முடிந்தது. அதில்தான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. மூன்றாவது செஷனில் பிரேக் பெடல் நீளமாக உள்ளே போகத் தொடங்கியது. டயரின் பிடிப்பு கூடினால் கார் அதிக வேகத்திலிருந்து குறைந்த தூரத்தில் நிற்கும், அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும். பிரேக் ஆயில் மூன்று வருடம் மாற்றாதது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய நிலையில் தர அளவே 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் இறங்கும். அன்று ஓட்டத்தை அதோடு நிறுத்தினோம். அடுத்த வாரம் ஆயிலும், சூட்டைத் தாங்கும் முன் பேடுகளும் மாற்றினார்.

இன்னொன்றும் தெரிந்தது. புது டயரின் முழு ஆழமான த்ரெட் கட்டிகள் ட்ராக்கில் பக்கவாட்டில் நெளிகின்றன, நெளிவதால் சூடாகின்றன. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு வெளிக்கட்டிகளின் ஓரம் உருண்டு, சின்னச் சின்னதாகப் பிய்ந்திருந்தது. ரேஸ்காரர்கள் சாலை டயரை ஓட்டும் வகுப்புகளில் புது டயரின் த்ரெட்டைச் செதுக்கிக் குறைத்துவிட்டுப் போடுவது இதற்காகத்தான். நாங்கள் செஷனை நாலு சுற்று, ஒரு ஆற்றும் சுற்று என்று சுருக்கினோம். பிய்வது நின்றது.

நவம்பரில் நடந்தது

டயர் போட்டு ஒரு வருடம் கழித்து, நவம்பரில் ஒரு ஞாயிறு. காலையில் வெயில், ட்ராக் காய்ந்து இருந்தது. வழக்கம்போல ஓட்டி, சூடான டயரில் காற்றைக் குறைத்துக் குறைத்து முன்னால் 33-ல் நிறுத்தினார். அன்று நான் போகவில்லை. மாலை நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து, வீட்டுக்குக் கிளம்பினார்.

பூந்தமல்லி நோக்கி வரும்போது, நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய ஒரு இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது. வேகம் 80-ஐத் தாண்டியிருக்கவில்லை. கார் மீடியன் பக்கம் மிதந்து நகர்ந்தது. அவர் பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டார். சில கணத்தில் டயர் தரையைப் பிடித்தது. எதிலும் மோதவில்லை. அருகில் வேறு வண்டியும் இல்லை. ஓரமாக நிறுத்தி எனக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது. மெதுவாக ஓட்டி நேரே கடைக்கு வரச் சொன்னேன்.

கடையில் அளந்தபோது முன் டயர்கள் இரண்டிலும் 26 பிஎஸ்ஐ. 77 டிகிரியில் 33 வைத்த காற்று, 24 டிகிரி மழையில் குளிர்ந்தால் கணக்குப்படி வருவதும் அதேதான். ட்ராக்கில் சரியாக இருந்த காற்று, சாலையில் ஏழு பிஎஸ்ஐ குறைவு. த்ரெட் நடுவில் 4 மி.மீ., வெளித்தோளில் 2.5. சட்டம் சொல்லும் 1.6-க்கு மேலேதான்.

காற்று குறைந்தால் ஏன் சீக்கிரம் மிதக்கிறது? தண்ணீரைத் தரையிலிருந்து பிதுக்கித் தள்ளுவது டயரின் அழுத்தம். நாசா ஆய்வாளர்கள் 1963-ல் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் முழுமையாக மிதக்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 33 பிஎஸ்ஐ-க்கு மணிக்கு 96 கி.மீ.; 26-க்கு 85. தேங்கிய தண்ணீர் த்ரெட் பள்ளத்தைவிட ஆழமாக இருக்கும் நிலைக்கான கணக்கு அது. காரில் டயரின் வடிவமும் தேய்மானமும் இந்த எண்ணை மாற்றும், கீழே இறக்கவும் செய்யும். அதனால் 85 வரை பயமில்லை என்று யாரும் படிக்க வேண்டாம். காற்றை இறக்கியதில் மட்டும் பத்து கி.மீ.-க்கு மேல் விளிம்பு போயிருக்கிறது, தேய்ந்த த்ரெட் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது என்பதே இங்கே நடந்தது. ஆழமான த்ரெட்டும் சரியான காற்றும் இருந்திருந்தால் அதே தண்ணீரை அதே வேகத்தில் அவர் கவனிக்காமலே கடந்திருக்கலாம்.

அதற்குப் பின் செய்த மாற்றங்கள்

காற்றுக்குத் தீர்வு சுலபம். பன்னிரண்டு வோல்ட் பம்ப் ஒன்றும் நல்ல கேஜ் ஒன்றும் வாங்கினார். டயர் ஆறி, நான்கிலும் சாலைக் காற்று ஏற்றிய பிறகுதான் கேட்டைத் தாண்டுவது என்று வைத்துக்கொண்டார். பம்ப் மெதுவாகத்தான் ஏற்றும், அரைமணி நேரம் போகும். அதை ஓட்டும் நாளின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்.

த்ரெட் விஷயம்தான் யோசிக்க வைத்தது. மழைக்கு ஆழமான பள்ளம் வேண்டும். காய்ந்த ட்ராக்கில் அதே ஆழம் நெளிந்து, சூடாகி, பிய்கிறது. இந்த 4 மி.மீ. டயர்களோ ட்ராக்கில் புதிதாக இருந்ததைவிட இப்போதுதான் நன்றாக ஓடின. காலை செஷன்களின் நேரங்களைப் பார்த்தால் புது டயரின் முதல் நாளைவிட ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதில் ஓட்டுநரின் தேர்ச்சியும் சேர்ந்திருக்கும், முழுவதையும் டயருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஐந்தாவது சுற்றிலும் தோள் பிய்யவில்லை என்பது டயரின் வேலைதான். ட்ராக்குக்குப் பழுத்து வரும் நேரத்தில் டயர் மழைச் சாலைக்குத் தகுதி இழக்கிறது. ஒரே நான்கு டயர் இரண்டையும் செய்ய முடியாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

எனவே முன்பு மறுத்த இரண்டாவது ரிம் செட்டுக்கே வந்தோம், ஆனால் வேறு விதமாக. இன்னொரு போலோவிலிருந்து கழற்றிய அதே 16 அங்குல அலாய்கள் நான்கு கிடைத்தன. வளைவு, விரிசல் பார்த்து வாங்கினோம். தேய்ந்த டயர்களை அதில் மாட்டினோம். காரின் சொந்த ரிம்களில் அதே மாடல் புது டயர்கள். இப்போது சாலை செட்டில்தான் ட்ராக்குக்குப் போகிறார், பின் சீட்டை மடக்கி ட்ராக் செட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு. பிட்டில் ஜாக் போட்டு மாற்றி, வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குகிறார். நாலு சுற்று ஓட்டிய பிறகு, சூடு ஆறியதும் ஒருமுறை மறுபடி சரிபார்க்கிறார். திரும்பும்போது சாலை செட், சாலைக் காற்று. வைக்க இடமில்லை என்ற பிரச்சினைக்கு, பால்கனியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வெயில் படாமல் தார்ப்பாய் போட்டு மூடியதே தீர்வாகிவிட்டது.

சாலை செட்டின் முன் டயர் 4 மி.மீ.-ஐத் தொட்டால் அது ட்ராக் ரிம்முக்குப் போகும், புதியது சாலைக்கு வரும். ட்ராக் செட் 2 மி.மீ.-ல், அல்லது தேதியிலிருந்து ஐந்து வருடத்தில், எது முதலோ அதில் வெளியே போகும். தோளில் வெடிப்போ குமிழோ தெரிந்தால் அதற்கு முன்பே. ட்ராக்கில் மழை பெய்தால் ட்ராக் செட்டில் இறங்குவதில்லை.

செலவுக் கணக்கில் இது பெரிதாக ஏறவில்லை. முன்பெல்லாம் 4 மி.மீ.-லிருந்து 2 வரை மழைச் சாலையில் பயத்தோடு ஓட்ட வேண்டியிருந்த ரப்பர் இப்போது ட்ராக்கில் செலவாகிறது. கூடுதல் செலவு பழைய அலாய்களுக்கும் டயர் மாட்டும் கூலிக்கும்தான்.

மறுபடி ஒருவர் இதே காரோடு வந்தால்

பிரேக் ஆயிலை முதலில் மாற்றச் சொல்வேன், டயருக்கும் முன்னால். பிடிப்பு கூடிய பிறகு பெடல் இறங்குவதைக் கண்டுபிடிக்க ட்ராக்கில் வேகமாக வந்து பிரேக் பிடிக்கும் இடம் சரியான இடமில்லை.

ட்ராக் காற்றையும் வீடு திரும்பும் காற்றையும் முதல் நாளே ஒரே துண்டுத் தாளில் எழுதி பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்வேன். சூட்டில் காற்றை இறக்குவது எல்லாருக்கும் தெரியும், ஏற்றிவிட்டுக் கிளம்புவது பிட்டில் பேசப்படுவதே இல்லை. அன்று மாலை அந்த கேட்டிலிருந்து வெளியே போன எத்தனை கார்களில் 26 பிஎஸ்ஐ இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

ரிம் செட்டைத் தொடக்கத்திலேயே வாங்கியிருக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். முதல் வருடம் வேண்டியதில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்த வருடம் முழுவதும் டயரில் பள்ளம் ஆழமாக இருந்தது, தேய்ந்த செட் என்று ஒன்று கையிலேயே இல்லை. புது டயர்கள் நான்கை ட்ராக்குக்கென்று தனியாக வாங்கியிருந்தால் அவை நெளிந்து பிய்ந்திருக்கும். முன் டயர் 5 மி.மீ.-க்கு வரும்போது ரிம் தேடத் தொடங்கினால் போதும்.

காப்பீட்டைப் பற்றியும் முன்கூட்டியே சொல்வேன். நம் ஊர் கார் பாலிசிகளில் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் இடித்தால் செலவு சொந்தப் பணம். எத்தனை சுற்று ஓட்டுவது, எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பதை அந்தத் தொகையை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த காரின் சாலை செட் இப்போது முன்னால் 5.5 மி.மீ.-ல் இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் அளந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். அதற்குள் 200 வகை டயர் ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த அளவில் கிடைத்தால், ட்ராக் ரிம்மில் மட்டும் போட்டுப் பார்க்க அவருக்கு ஆசை. எனக்கும்தான்.